கோழி வாக்கு

கலாமணிக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. உலகத்திலேயே முதல்முறையாகக் கோழிகள் சேர்ந்து ஒரு தொழிற்சாலையைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருந்தன. அந்தக் கோழிகள் அவளுடையவை.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி உள்ளே திரும்பினால் அவள் பண்ணை. முட்டைக்கோழிப் பண்ணை. மக்காச்சோளமும் சோயாவும் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்ட காலம் அது. வட்டாரம் முழுக்க ஆலைக் கழிவுத் தீவனத்துக்கு மாறியிருந்தது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளின் தோல், சாஸ் கம்பெனித் தக்காளிச் சக்கை, பிஸ்கெட் உடைசல், ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் திப்பி என்று மனிதர்கள் கழித்ததெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். நல்லதும் வரும், பூசணம் பூத்ததும் வரும். எது எதுவென்று ஆய்வகத்தைக் கேட்டால், அவர்கள் பதில் சொல்வதற்குள் கோழியும் செத்து, அது கடைசியாகப் போட்ட முட்டையும் யார் வீட்டிலோ ஆம்லெட் ஆகியிருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நித்திலா வந்தாள். தூத்துக்குடிப் பெண், ஒலி ஆராய்ச்சி படித்தவள். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். வந்த முதல் நாளே ஷெட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோழிகளோடு கோழியாகக் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கோழி சும்மா கத்துதுன்னு நினைக்கோம். இல்லக்கா. பருந்தைக் கண்டா ஒரு சத்தம், முட்டை போட்டா ஒரு சத்தம், தீனி பிடிச்சா ஒண்ணு, பிடிக்கலைன்னா இன்னொண்ணு. அத்தனையும் தரம் பிரிச்சு இந்த மெஷினுக்குப் படிச்சுக் கொடுத்திருக்கேன்.”

“கெட்டுப்போன தீனின்னு கோழிக்கு எப்படித் தெரியும் கண்ணு? அதுக்கு மூக்கு அவ்வளவு பத்தாதே” என்றாள் கலாமணி.

“மூக்கு பத்தாது. வயிறு பத்தும். கெட்டது உள்ளே போன அரை மணி நேரத்துல அதுக்கு ஒரு மாதிரி பண்ணும். ஒரு முனகல் போடும். நமக்குக் கேக்காது, மெஷினுக்குக் கேக்கும். நாற்பது கோழிக்கு ஆளுக்கு ஒரு வாய் போட்டுப் பாத்தா, மீதிக் கோழி பிழைச்சுக்கும்.”

“அந்த நாப்பதும்?”

“ஒரு வாய்தானேக்கா. சாயங்காலம் சரியாப்போயிரும்.”

மெஷின் பேச ஒரு குரல் வேண்டியிருந்தது. கலாமணியின் குரல் நாலு காடு தள்ளி நிற்கும் ஆளையும் திரும்பிப் பார்க்க வைக்கும். நித்திலா அவளையே பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். இரண்டே சொற்கள். ‘நல்லது’, ‘ஆகாது’.

முதல் ‘ஆகாது’ ஒரு தக்காளிச் சக்கைக்கு வந்தது. பார்வைக்குச் சிவப்பாய்ப் பளபளவென்று இருந்த சக்கை. கலாமணியின் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, “மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது” என்றார். ஆய்வகம் பிறகு ஒப்புக்கொண்டது. சக்கை முழுக்கப் பூஞ்சை விஷம். அதே தக்காளியில் செய்த சாஸ் கடைகளில் இருந்தது. பாட்டில்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் உலகத்துக் கேமரா எல்லாம் கலாமணியின் ஷெட்டு வாசலில் வந்து நின்றது. கோழிகளுக்கு மாலை போட முடியாது என்பதால் அவளுக்குப் போட்டார்கள்.

கேமரா போனதும் அவள் செய்த முதல் காரியம், அந்த நாற்பது கோழிகளுக்கும் மாம்பழத்தோல் வைத்ததுதான். பீப்பாயில் ஊறல் போட்டு வைத்திருந்த தோலை மஞ்சள் வாளியில் அள்ளிவந்து கை நிறையப் போட்டாள். கோழிகளுக்கு மாம்பழத்தோல் என்றால் உயிர்.

“இதெல்லாம் வேண்டாம்க்கா, சோதனைக் கோழிக்குத் தனியா எதுவும் குடுக்கக் கூடாது” என்றாள் நித்திலா.

“நல்லா இருக்குதே நாயம்! வூட்டுக்கு விருந்து வந்து வேண்டாம்னு எந்திரிச்ச ஒறம்பரையை வெறும் வயித்தோட அனுப்புவமா? அதுபாட்டுக்கு முனகிக்கிட்டு நிக்குது பாரு.”

அதற்கப்புறம் எப்போது ‘ஆகாது’ வந்தாலும் பின்னாலேயே மஞ்சள் வாளியும் வந்தது. நித்திலா இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கலாமணியோடு பேசி ஜெயித்த ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. அரசாங்கம் ஒரு சட்டமே போட்டது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையமும் வைத்தது. எல்லாப் பண்ணையிலும் நித்திலாவின் மெஷின் இருக்க வேண்டும். ஓர் ஆலையின் கழிவுக்கு இரண்டு தரம் ‘ஆகாது’ வந்தால், ஆய்வக முடிவு வரும்வரை ஆலைக்குச் சீல். ஜனங்கள் அதற்குக் ‘கோழி வாக்கு’ என்று பெயர் வைத்தார்கள். மனிதன் கையூட்டு வாங்குவான், கருவியை மாற்றி வைக்கலாம், கோழிக்கு என்ன தெரியும் பாவம் என்பது எல்லோருடைய எண்ணமும். மெஷின் போன பண்ணைகளுக்கெல்லாம் கலாமணியின் குரலும் போயிற்று. மோகனூரிலும் பரமத்தியிலும் அவள் குரல் ‘நல்லது’ ‘ஆகாது’ என்று தீர்ப்புச் சொன்னது. கடைவீதியில் வெண்டைக்காய் பொறுக்கினால்கூட, “அக்கா ஆகாதுன்னு சொல்லிடாதீங்க” என்று கேலி செய்தார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுடைய திப்பி வந்தது.

அண்ணன் குழந்தைவேல் ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார். அப்பா போன பிறகு தங்கைக்கு அப்பாவாக இருந்தவர் அவர்தான். கலாமணி பண்ணை போட்டபோது முதல் லாரித் திப்பியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கியவர். அவர் ஆலைத் திப்பியைக் கலாமணி சோதனைக்கே வைக்காமல் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சட்டம் வந்துவிட்டது, வைத்துத்தான் ஆக வேண்டும். கைப்பழக்கத்தில் மஞ்சள் வாளியோடு போய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குள் அவளுடைய குரலே கணீரென்று கேட்டது.

“ஆகாது. ஆகாது.”

ஈஸ்வரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். “ஒரு தரம்தானே. ரெண்டாவது தரம் வெக்காம உட்டுடு. லாரியைத் திருப்பி அனுப்பிச்சுடறேன். யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமல்லங்க? ஊரானுக்கு ஒரு நாயம், அண்ணனுக்கு ஒரு நாயமா? நாளைக்கு என்ற கோழி வாக்கை எவன் நம்புவான்?”

உண்மையில் அண்ணன் முகம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் வீம்பும் இருந்தது. கழுத்தில் விழுந்த மாலை கொடுத்த வீம்பு. மறுநாள் விடியற்காலையில், வழக்கம்போல் மஞ்சள் வாளியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் நின்றாள். இரண்டாவது ‘ஆகாது’வும் வந்தது. அவளே ஆணையத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். கிழங்கு பிடுங்கும் பருவம். மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் ரெண்டொரு நாளில் அரைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீலம் பாய்ந்து வீணாகும். குழந்தைவேலின் ஆலை வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையாக நின்று நாறின. ஆலையில் வேலை பார்த்த பெண்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். சீல் வைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, பின்னணியில் மறுபடி மறுபடி ஓடியது கலாமணியின் குரல்தான்.

அன்றைக்கு அண்ணன் போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“டிவியில பாத்தேன் அம்மிணி. உன்ற குரல்லயே சொல்லுச்சு. வேற எவ சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.”

“ண்ணா, நான் சொல்லலீங்ண்ணா, கோழி…”

அவர் வைத்துவிட்டார். அப்புறம் அவள் எத்தனை தரம் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு தரம் எடுத்து, “உங்கண்ணன் சோத்துல கை வெச்சு நாளாச்சு. ஆய்வக முடிவு இன்னும் வரல, அதுக்குள்ள ஆலை உரிமத்தையே ரத்து பண்ணப்போறாங்களாம், நாமக்கல்லுல விசாரணை வெச்சிருக்காங்க. நல்லா இரு தாயி” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ‘நல்லா இரு’வைவிட நாலு வசவு தேவலை என்று கலாமணிக்குப் பட்டது.

மாரியம்மன் நோம்பி வந்தது. ஒவ்வொரு நோம்பிக்கும் அண்ணன் புதுச்சேலை எடுத்துக்கொண்டு வருவார். இந்த வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். போன வருஷம் அவர் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சேலையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். கட்டும்போதே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, கோயிலுக்குப் போகும் முன் கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

சோதனை வரிசையில் அன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை. நோம்பியாயிற்றே என்று ஈஸ்வரமூர்த்தி நல்ல மக்காச்சோளம் போட்டிருந்தார். வீட்டில் களி கிண்ட வாங்கி வைத்திருந்த அதே சோளம். கோழிகள் டொக்கு டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தன. மெஷின் ‘நல்லது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கலாமணி வரிசை முனையில் வந்து நின்றாள். நாற்பது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. கொத்துவது நின்றது. கோழிகள் சோளத்தைவிட்டுப் பின்வாங்கிக் கழுத்தை நீட்டி அவளையே பார்த்து முனக ஆரம்பித்தன.

“ஆகாது” என்றது மெஷின். “ஆகாது. ஆகாது. ஆகாது.”

கலாமணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து சோளத்தை அள்ளி வாயில் போட்டு மென்றாள். முத்து முத்தான சோளம். திரும்பிக் கோழிகளைப் பார்த்தாள். கோழிகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அடப் பாவி மக்கா!” என்றாள்.

வெளியே ஓடி, கொடியில் கிடந்த வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை எடுத்துக் கழுத்திலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு திரும்ப வந்தாள். கோழிகள் கொஞ்சம் யோசித்தன. தலையைத் தாழ்த்தின. கொத்தின. “நல்லது.” வேட்டியை உருவினாள். “ஆகாது.” மறுபடி சுற்றினாள். “நல்லது.” உருவினாள். “ஆகாது, ஆகாது.” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவளுக்கு மூச்சு முட்டியது. கூச்சல் கேட்டு ஓடிவந்த ஈஸ்வரமூர்த்தி, நோம்பியும் அதுவுமாகப் பெண்டாட்டிக்குச் சாமி வந்துவிட்டது என்றே நினைத்தார்.

“ஏனுங்க, இதுக பொய் சொல்லுதுங்க! மாம்பழத்தோலுக்காவப் பொய் சொல்லுதுங்க! மஞ்ச வாளியைக் கண்டாப் போதும், எதைப் போட்டாலும் ஆகாதுன்னு மொனகுதுக. மொனகுனா மாம்பழத்தோல் வருதல்ல? அண்ணன் திப்பி வந்த ரெண்டு நாளும் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயி முன்னாலயே நின்னேனே நானு!”

ஈஸ்வரமூர்த்தி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார், “வெளிய சொல்லாத. சொன்னா நம்மளைக் காறித் துப்புவாங்க. மாலை போட்டவனே செருப்பெடுத்துக்கிட்டு வருவான்.”

கலாமணி கையிலிருந்த வேட்டியை மடித்தாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. கடைவீதியில் நடந்தால் இரண்டு பக்கமும் கிடைக்கிற கும்பிடு இனி கிடைக்காது. அந்தக் கும்பிடு அவளுக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

“துப்பட்டும்” என்றாள். “தொடைச்சுக்கறேன். நாளைக்கு விசாரணைக்குப் போறோம், வண்டியைத் தயார் பண்ணி வெய்யுங்க.”

அந்த இடத்திலிருந்தே நித்திலாவுக்குப் போன் போட்டாள். மெஷினைப் பொய்யாக்கிவிட்டோமே, இந்தப் பெண் இடிந்துபோவாளே என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். எதிர்முனையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், கலாமணியே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“அக்கா! பொய் சொல்லுதா? கோழி பொய் சொல்லுதா? அய்யோ எக்கா, பொய் சொல்லணும்னா எவ்வளவு அறிவு வேணும் தெரியுமா? எதிரே நிக்கிற ஆளு என்ன நினைக்கான்னு தெரியணும்! நாங்க அதுகளைத் தெர்மாமீட்டர் மாதிரில்லா நினைச்சோம்!”

“உன்ற மெஷின் போச்சேடி கண்ணு?”

“மெஷின் போகலைக்கா. அது கேட்டதைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. நாமதான் கோழிக்கு ஆசையே கிடையாதுன்னு நினைச்சிட்டோம். நான் கிளம்பி வாரேன். விசாரணை எப்போ?”

விசாரணை மறுநாள் காலை. ஆணையத்தின் நாமக்கல் அலுவலகத்தில், மாடியில், நீளமான ஓர் அறை. ஆணையர் மெர்சி பிரபா கண்டிப்பானவர் என்று பெயர். ஒரு பக்கத்து நாற்காலியில் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கலாமணி உள்ளே நுழைந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பின்னாலேயே ஈஸ்வரமூர்த்தி, தலையில் ஒரு கோழிக்கூண்டோடு வந்தார். அதற்குப் பின்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு நித்திலா.

“இது என்ன சந்தையா?” என்றார் ஆணையர்.

“அம்மா, சாட்சிகளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேனுங்க” என்றாள் கலாமணி. “இதுக சொன்ன வாக்குல அண்ணன் ஆலைக்குச் சீல் வெச்சீங்க. அந்த வாக்கு பொய்யுங்க. கொஞ்சம் குறுக்க பேசாமப் பாருங்க.”

மேசைமேல் கூண்டை வைத்து, ஒரு தட்டில் சோளம் போட்டாள். கோழிகள் கொத்தின. “நல்லது” என்றது மெஷின். பைக்குள்ளிருந்து மஞ்சள் வாளியை வெளியே எடுத்தாள். வெறும் வாளி. “ஆகாது, ஆகாது.” வாளியை முந்தானைக்குள் மறைத்தாள். “நல்லது.” ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே எழுந்து வந்து வாளியை வாங்கித் தூக்கிக் காட்டினார். அவருக்கும் ‘ஆகாது’தான் சொன்னது. சுவரோரம் நின்ற டவாலி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

“இப்போ சீல் வெச்ச திப்பியில ஒரு கை எடுத்தாரச் சொல்லுங்கம்மா. வாளி இல்லாம வெச்சுப் பாருங்க” என்றாள் கலாமணி.

மாதிரிக்கு எடுத்து முத்திரை வைத்திருந்த திப்பி அலுவலகத்திலேயே இருந்தது. கொண்டுவந்து போட்டார்கள். கோழிகள் தின்றன. அது வயிற்றில் இறங்கிப் பேச அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியைச் சும்மா கழிக்க ஆணையருக்கு மனமில்லை.

“உங்க பண்ணையில வாளி. மத்த பண்ணைகள்ல? கோழி வாக்கால இன்னும் எத்தனையோ ஆலைக்குச் சீல் வெச்சிருக்கோம். அங்கெல்லாம் மாம்பழத்தோல் கிடையாதே?”

“கேட்டுருவோங்க” என்றாள் கலாமணி.

போனை மேசைமேல் வைத்து எல்லோரும் கேட்கும்படி ஒவ்வொரு பண்ணையாகக் கூப்பிட்டாள். முதலில் சேந்தமங்கலத்து வசந்தாமணி. கோழி வேண்டாம் என்று முனகினால் என்ன செய்வாய் என்று கேட்டதும், “ஒரு கை கம்பு போடுவனுங்க்கா. தப்புங்களா?” என்றாள். மோகனூரில் ஒருவர் தயிர்ச்சோறு. பரமத்தி காதர் பாஷா கொஞ்சம் கூச்சப்பட்டு, “வூட்டுல பண்ணின பிரியாணி சோறும்மா, கறி இல்லாம. வேணாம்னு சொன்ன வாய்க்கு எதையும் தராம எப்படிம்மா போறது?” என்றார். இன்னொரு பண்ணையில் பொரி. இன்னொன்றில் அரைத்த தேங்காய்ச் சக்கை, அதுவும் கொஞ்சம் வெல்லம் போட்டு. கேட்கக் கேட்க அறையில் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஆணையர் சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“சட்டம் போட்டோம், மெஷின் வெச்சோம்” என்றார். “இந்த ஊர்ல வேண்டாம்னு சொன்னவனைச் சும்மா விடமாட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தோணலையே.”

அப்போது மெஷின் பேசியது. கலாமணியின் குரல், தெளிவாக, சாவகாசமாக.

“நல்லது. நல்லது.”

கோழிகள் திப்பித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கூண்டுக் கம்பியைத் தட்டின. குழந்தைவேல் ஜன்னலிலிருந்து திரும்பினார். கலாமணி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்க முடியாமல் அப்படியே அழுதாள். இந்தத் தரம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆணையர் ஆலையைத் திறக்க உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைப் பேனாவில் பொருத்தும்போது ஏதோ தட்டுப்பட்டவர் போல நிறுத்தினார். “ஏம்மா நித்திலா, மறுத்த கோழிக்கு எதுவுமே தராத பண்ணை ஒண்ணுகூட இல்லையா?”

“எல்லாப் பண்ணையிலயும் மனுசங்க இருக்காங்களே மேடம்” என்று சிரித்த நித்திலா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “ஒண்ணு இருக்கு. காவிரிக்கு அந்தப் பக்கம், ஆளில்லாப் பண்ணை. தீனி போடுறது, முட்டை பொறுக்குறது எல்லாம் மெஷின். ஒரு கம்பெனியோடது. சட்டத்துக்காக நம்ம மெஷினையும் மாட்டி வெச்சிருக்காங்க. ஆனா சொந்த ஆலைக் கழிவைத்தான் போடுறாங்க, அதனால ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டாம்னு விலக்கு வாங்கியிருக்காங்க.”

“அங்க கோழி மறுத்தா?”

“தின்னுற வரைக்கும் வேற தீனி வராது. அப்படித்தான் அமைச்சிருக்காங்க.”

“இப்போ பாக்க முடியுமா?”

நித்திலா மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். மெஷினில் இருந்த கேமரா வழியே திரையில் ஒரு ஷெட் தெரிந்தது. மறுமுனை கண்ணுக்கே எட்டாத நீளம். விளக்குகள் எரிந்தன. ஒரு மனித நடமாட்டம் இல்லை. தொட்டிகள் நிறைய வெளுத்த மாவுத் தீனி இருந்தது. அத்தனை கோழிகளும் தொட்டியைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நித்திலா ஒலியைக் கூட்டினாள்.

“ஆகாது” என்றது கலாமணியின் குரல், யாருமில்லாத அந்த ஷெட்டுக்குள். “ஆகாது. ஆகாது. ஆகாது. ஆகாது.”

அறையில் இருந்த சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

“எவ்வளவு நேரமா இப்படிச் சொல்லுது?” என்றார் ஆணையர்.

“இந்தத் தீனி வந்ததுல இருந்து” என்றாள் நித்திலா. “கேக்கத்தான் அங்க ஆள் இல்லை.”

“அதுக பொய் சொல்ல மாட்டாதுக” என்றாள் கலாமணி. “பொய் சொன்னாத் தர அங்க வாளி ஏது? நம்ம கோழிக பொய்யைச் சொல்லி வயிறு நெறைச்சுக்குச்சுக. அதுக நெசத்தைச் சொல்லிப் பட்டினி கெடக்குதுக. அது என்ன மாவு கண்ணு? அவிங்க ஆலையில என்ன பண்றாங்க?”

நித்திலா தேடிப் பார்த்தாள். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சத்துக்கஞ்சி மாவுக்கா. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போறது.”

சுவர்க் கடிகாரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் பதினொரு மணிக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அதற்கு அதிக நேரம் இல்லை. ஆணையர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. ஒரு கையில் ஒரு போன், மறு கையில் இன்னொரு போன், இரண்டிலும் கத்திக்கொண்டிருந்தார். டவாலி மாவட்டத்துப் பள்ளிகளின் எண்களைத் தேடி ஓடினான். கலாமணி கால் நகராமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணன். மறு கையில் அவருடைய வண்டிச் சாவி இருந்தது.

“அழுவறதைப் பொறவு வெச்சுக்கலாம் அம்மிணி, நட” என்றார். “கீழ் ரோட்டுல ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. போன் எடுக்கறாங்களோ இல்லையோ, நீ வாசல்ல நின்னு சத்தம் போட்டின்னா உள்ளுக்குள்ள கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேக்கும்.”

இருவரும் படிகளில் ஓடி இறங்கினார்கள்.